எதிரே இருக்கிற அம்மாளிடம் சொல்

ஓவன் ரோடு,
சிங்கப்பூர் 8.
22-4-1963

அன்பு மகன் வேலாயுதத்துக்கு அம்மா எழுதுவது. உடம்பிலும் மனசிலும் ஒரு குறையுமில்லாமல் நீ அங்கே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. தாளின் தலையில் பிள்ளையார் சுழி இல்லாததைப் பார்த்திருப்பாய். துக்கச் செய்திக்குத்தானே நாம் சுழி போடாமல் விடுவோம். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். ராசா, உன் அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, செம்பவாங் கப்பல் பட்டறை ஸ்டோரில் வேலையாக இருந்தபோதே நெஞ்சடைத்துச் சாய்ந்துவிட்டார். கூட வேலை பார்க்கும் துரைசாமி தூக்கி மடியில் போட்டுக்கொண்டாராம், அதற்குள் முடிந்துவிட்டதாம். வலியில் ரொம்ப நேரம் துடிக்கவில்லை என்று துரைசாமி சொல்கிறார், எனக்காகச் சொல்கிறாரோ உண்மையோ தெரியாது, நான் நம்பிக்கொள்கிறேன், நீயும் நம்பிக்கொள். கடைசி வார்த்தை என்று ஒன்றும் கிடையாது. காலையில் செருப்பை மாட்டும்போது, வரும்போது தேக்கா மார்க்கெட்டில் இறங்கிக் கறிவேப்பிலை வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான்.

இப்போது நீ இருப்பது உன் அறையில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் நல்லது கெட்டதைப் பார்க்கிற ஆபீசில் இருக்கிறாய், உன் எதிரே மிஸஸ் கார்ட்டர் என்ற அம்மாள் இருக்கிறாள், அவள் கையால்தான் இந்தக் கடிதத்தை உனக்குக் கொடுத்தாள். அவளை முறைக்காதே. இந்த ஏற்பாடு என்னுடையது. தபாலில் நேரே உனக்கு அனுப்பியிருந்தால் உறைமேல் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்த இடத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல அப்பாதானே எழுதுவார், அதிலும் நான் சொன்னதில் பாதியை விட்டுவிடுவார், ஏன் விட்டீர்கள் என்றால் ஏர் லெட்டரில் இடமில்லை என்பார். உன் விலாசத்தை என் கையால் எழுதிய உறை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஹாஸ்டல் வாசலில், தபால் வைக்கிற பலகைக்கு முன்னால், அந்நிய ஜனங்கள் போகவும் வரவும் இருக்கிற இடத்தில், என் பிள்ளை தனியாக நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்தது பெரிய விஷயமில்லை, அதற்கு வழி கண்டுபிடிக்கத்தான் நான் பட்ட பாடு.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கொதிப்பாய். கொதி, உனக்கு அந்த உரிமை உண்டு. வெளியூரில் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சை முடியும்வரை சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று நம் ஜனங்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறதே, அதை உன் சித்தப்பா சுப்பிரமணியம் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டில் அப்பா கிடக்கும்போதே கூடத்தில் நின்று எல்லோருக்கும் கட்டளை போட்டார். வேலுவுக்கு ஜூனில் கடைசிப் பரீட்சை, அண்ணன் கனவே அவன் என்ஜினியராக வேண்டும் என்பதுதான், ஒருத்தரும் அவனுக்கு மூச்சு விடக்கூடாது என்றார். எங்கே அங்குள்ள பையன்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பேப்பரில் மரண அறிவித்தல்கூடப் போட விடவில்லை. ஊருக்கெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஓடின மனுஷனுக்குப் பேப்பரில் இரண்டு வரி இல்லாமல் போயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள், பொட்டை அழித்துவிட்டார்கள், அந்த நேரத்தில் கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன். பிடாடாரி இடுகாட்டில் அடக்கம் செய்தோம். மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பாவே மொட்டை போட்டுக்கொண்டு நின்றார், தோளில் குடம் சுமந்து சுற்றி வந்து முதல் பிடி மண்ணும் அவர்தான் போட்டார். அந்தக் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீ அந்த மேசையைக் குத்தினாலும் குத்துவாய். இந்த மாத ஆரம்பத்தில் அப்பா எழுதியதாக உனக்கு ஒரு கடிதம் வந்ததே, அது அப்பா எழுதியது அல்ல. அண்ணனும் தம்பியும் ஒரே வாத்தியாரிடம் பிரம்படி வாங்கி எழுதப் படித்தவர்கள், இரண்டு பேர் எழுத்தும் அச்சுப் போட்ட மாதிரி ஒன்றாக இருக்கும். கருமாதி முடிந்த கையோடு சித்தப்பா அப்பாவின் பேனாவையே எடுத்து, சுழி போட்டு, இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதி, கீழே அப்பா பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார். உன் தங்கை லீலா வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அப்பா ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அந்த வாரம் பட்டறை டாக்கில் எந்தக் கப்பல் நிற்கிறது என்று எழுதுவார் இல்லையா, தண்ணீர் போர்டில் வேலை பார்க்கிற சித்தப்பாவுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும், அதனால் அந்தக் கடிதத்தில் கப்பல் இருந்திருக்காது. நீ அதைக் கவனித்தாயோ இல்லையோ. கவனித்திருந்தால் உள்ளுக்குள் என்னவெல்லாம் நினைத்தாயோ என்று நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. பஃபலோ ரோட்டில் கடை வைத்திருக்கிற அப்துல் கையூம் மகன் ஜலாலுதீன், இங்கிலாந்தில் உன் ஊரிலேயே படித்தவன், படிப்பை முடித்துக் கப்பலில் வந்து இறங்கினான். அவன் அங்கே கப்பல் ஏறிய பிறகுதான் இங்கே அப்பா போனார், இறங்கிய பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரியும். துக்கம் கேட்க வந்து உட்கார்ந்தான். என் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, “மறைக்க மாட்டேன் மாமி, வேலு சரியில்ல லா. கிறிஸ்மஸ் லீவுக்கு அப்புறம் லெக்சருக்கே போறதில்ல. ரூம்ல கட்டில்ல படுத்தே கெடக்கிறான், கேட்டா குளிருங்கிறான். அப்பா லெட்டர் வர்ற அன்னிக்கு மட்டும் எழுந்து குளிக்கிறான், ஷேவ் பண்றான், நாங்க இழுத்துட்டுப் போனா ரெண்டு வாய் சாப்பிடுறான்” என்று சொன்னான். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழுதுவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, உள்ளே எல்லாம் கட்டி தட்டிப் போயிருந்தது. ஏண்டா வேலு, எங்களுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? சௌக்கியம், சௌக்கியம் என்று எழுதினாயே, உன் சித்தப்பா எழுதினதற்கும் நீ எழுதினதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை எல்லோருக்கும் சௌக்கியம் என்று எழுதுவதைத் தவிர வேறு எதுவும் வராதா?

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னும் பிடிவாதமாகிவிட்டார். “பாத்தீங்களா அண்ணி, அண்ணன் லெட்டர்தான் அவனுக்கு உசுரு. அதை நிறுத்தச் சொல்றீங்க. நிறுத்தினா அவன் கெதி என்ன?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலவே பட்டது. கடிதம் வருகிற நாளில்தான் பிள்ளை குளிக்கிறான் என்றால் எந்தத் தாய் அதை நிறுத்துவாள்? ஆனால் ஜூன் முடிந்ததும் ஒரு நாள் உனக்குத் தெரியத்தானே போகிறது. குளித்து, தலை வாரி, ஆசையாக நீ பிரித்துப் படித்ததெல்லாம் மண்ணுக்குள் போய்விட்ட மனுஷன் பெயரில் வந்தவை என்று தெரிகிற அன்றைக்கு உன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? சொன்னால் ஒரு பயம், சொல்லாவிட்டால் ஒரு பயம். இரண்டுக்கும் நடுவில் சில நாள் பைத்தியம் மாதிரி நடமாடினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

வழி உன் தங்கை மூலமாகத்தான் வந்தது, அதுவும் நல்லபடியாக வரவில்லை. கருமாதி முடிந்ததும், படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சித்தப்பா லீலாவைப் புக்கிட் தீமாவுக்கு, பல்கலைக்கழகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அவளும் வாய் பேசாமல் போனாள் வந்தாள். ஒரு நாள் லைப்ரரியில் புத்தகத்தைத் திறந்து வைத்தவள் அழ ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போய், மூச்சு முட்டி, கை கால் விறைத்துவிட்டதாம். கூட இருந்த பெண்கள் அங்கேயே மாணவர்களுக்கென்று இருக்கிற கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அப்துல் கையூம் கடைக்கு டெலிபோன் வந்தது. சித்தப்பா வேலையில் இருந்தார். நான் கட்டியிருந்த வெள்ளைச் சேலையோடு பஸ் ஏறிவிட்டேன். தாலி அறுத்து இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டலாமா என்று கீழ் வீட்டு மனுஷி ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும், அவள் வந்து என் பெண்ணைத் தூக்கி வரப் போகிறாளா?

அந்தக் கிளினிக் மேட்டின்மேல் சின்ன இடம்தான். ஒரு பெஞ்சு, எடை பார்க்கிற மெஷின், பச்சைத் திரை. லீலா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பொறுப்பில் இருந்த நர்ஸ் மனோரஞ்சிதம் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, வேதக்காரி, கழுத்தில் சின்னச் சிலுவை. நான் பதறுவதைப் பார்த்து, “பயப்பிடாதேங்கோ அம்மா, முதல்ல இதில இருங்கோ. பிள்ளைக்கு நோய் ஒண்டும் இல்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, அழ வேண்டிய நேரத்தில அழவும் ஒருத்தரும் விடேல்லை” என்றாள். டாக்டர் பார்த்துவிட்டார் என்றும், லெக்சரர்களுக்குத் தானே சொல்லிவிடுவதாகவும், எழுதிக் கொடுக்க வேண்டிய பாடங்களுக்குத் தவணை வாங்கித் தருவதாகவும், வாரம் ஒரு தடவை லீலா வந்து தன்னோடு பேசிவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னாள். பேசுவதற்கு ஒரு ஆபீசா, அதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரு மனுஷியா என்று எனக்கு ஆச்சரியம். உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பயமும்கூட. நம் ஆட்களுக்கு டாக்டரிடம் போய் மனசு சரியில்லை என்றால் அடுத்த பஸ் உட்பிரிட்ஜ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தானே. அதையே கேட்டும் விட்டேன். அவள் சிரிக்கவில்லை. காலில் முள் குத்தினவனும் இங்கேதான் வருகிறான், தகப்பன் செத்தவனும் இங்கேதான் வருகிறான், இரண்டு பேரும் வகுப்புக்குத் திரும்பிப் போகத்தான் இந்த இடம் என்றாள்.

பிறகு, வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். மூத்தவன் இங்கிலாந்தில் என்றேன். “அவருக்குச் சொல்லியாச்சோ?” என்றாள். அந்த எடை மெஷினைப் பிடித்துக்கொண்டு, என் புருஷன் செத்துப்போய்விட்டார், என் மகனுக்கு இன்னும் தெரியாது என்று சொல்லி அழுதேன். அப்படி ஒரு அழுகை அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அழவில்லை. அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, அழாதேங்கோ என்று சொல்லவும் இல்லை. அழுது முடித்ததும் மைலோ கலக்கிக் குடிக்கக் கொடுத்தாள். உன்னைப் பற்றி ஜலாலுதீன் சொன்னது, சித்தப்பா எழுதினது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “அங்கயும் இப்பிடி ஆக்கள் இருக்கினம் அம்மா. வெளிநாட்டுப் பிள்ளையளைப் பாக்கிறதுக்கெண்டே ஒரு ஆள் இருப்பா. நான் அவைக்கு எழுதிறன். நீங்கள் உங்கட கையால மகனுக்கு எழுதித் தாங்கோ, அவை கூப்பிட்டுப் பக்கத்தில வைச்சுக் குடுப்பினம்” என்றாள். மிஸஸ் கார்ட்டரிடமிருந்து அவளுக்குப் பதில் வந்து, சரி என்று தெரிந்த பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன். எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு மூன்று தாளைக் கசக்கிப் போட்டேன்.

சித்தப்பாவிடம் மறைத்துச் செய்ய எனக்கு மனசில்லை, போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்தைப் பாதி எழுதி வைத்திருந்தார், அதை என் முன்னால் தள்ளினார். “அவன் பரீட்சைக்குன்னுதான் அண்ணி ஆரம்பிச்சேன். அப்புறம் அண்ணன் பேரைப் போட்டு எழுதறப்ப அண்ணன் இருக்கிற மாதிரியே இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போன நான், ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால் நீயும் அவரை ரொம்பத் திட்டாதே. இனிமேல் எழுதினால் சித்தப்பாவாகவே எழுதுவார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கேட்பாய், எனக்குத் தெரியும், கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாய். உடனே புறப்பட்டு வந்துவிடலாம் என்று நினைக்காதே, இங்கே வந்து பார்க்க மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை, மண் எங்கேயும் போகாது. பரீட்சையைத் தள்ளிப் போட வேண்டுமானால் டாக்டர் எழுதிக் கொடுத்து அந்த அம்மாளே ஏற்பாடு செய்வாளாம், ஜூனில் எழுதினாலும் சரி, அடுத்த வருஷம் எழுதினாலும் சரி, எழுதாமலே வந்தாலும் உனக்குச் சோறு போட நான் இருக்கிறேன். அப்பாவின் கனவு கினவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ காய்ச்சலில் கிடந்தால் ஓவர்டைமை விட்டுவிட்டு ஓடி வந்து பக்கத்தில் உட்காருகிற மனுஷன் அவர். இப்படிக் கட்டிலில் கிடந்து நீ பரீட்சை எழுத வேண்டும் என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். டாக்டரிடம் போ. ஹாஸ்டலில் தனி அறை வேண்டாம், யாரையாவது கூட வைத்துக்கொள். அந்த அம்மாள் வாரா வாரம் வரச் சொன்னால் வெட்கப்படாமல் போ. லீலா போகிறாள், அவளுக்கு என்ன குறைந்துவிட்டது. இன்னும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறாள்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் முந்தாநாள் குழம்பில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை போட்டாள். கடிதம் வருகிற நாளுக்காகக் காத்திருந்து குளிக்காதே, தினமும் குளி. இனி எழுதுவது நான்தான், நான் எப்போது எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

சாவுச் செய்தி எழுதின தாளை வீட்டில் வைக்கக் கூடாது, படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும் என்பது வழக்கம். இதைக் கிழிக்காதே. இன்னொரு தடவை கேட்டால் என்னால் எழுத முடியாது.

படித்து முடித்ததும் தாளை மடித்துக் கீழே வை. எதிரே இருக்கிற அம்மாளை நிமிர்ந்து பார். அவளுக்கு விஷயம் தெரியும், மனோரஞ்சிதம் எல்லாம் எழுதியிருக்கிறாள். தெரிந்தால் என்ன, நீ உன் வாயால் சொல். என் அப்பா செத்துப்போய்விட்டார் என்று இங்கிலீஷில் சொல், சௌக்கியம் என்று சொல்லாதே. அதற்குப் பிறகு அழுகை வந்தால் அழு, அதற்குத்தான் அந்த அறை. நான் அங்கே இருந்தால் உன் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன், இல்லையே, அதனால்தான் அவளை உட்கார வைத்திருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நூறு வயசு இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து. வீரமாகாளியம்மன் திருநீறு கொஞ்சம் உறைக்குள் வைத்திருக்கிறேன், அந்த அம்மாள் அது என்னவென்று கேட்டால் சொல்லிவிட்டு இட்டுக்கொள்.

முதல் தடவையாகத் தானே கையெழுத்துப் போடுகிற
உன் அம்மா
ம. ரத்தினம்மா